சாரல் ஊரில் குளியலறைப் புதுப்பிப்பு: மேடைக்கு எந்தக் கல், அலமாரிக்கு எந்தப் பலகை?

செங்கோட்டை_மருமகள்:

வணக்கம். எங்கள் வீடு செங்கோட்டையில், குண்டாறு அணைக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆண்டில் பாதி நாள் சுவரில் ஈரம் காய்வதே இல்லை. படுக்கையறையோடு சேர்ந்த குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம். அளவு ஒன்பதடிக்கு ஆறடி.

பழைய வாஷ்பேசினுக்குக் கீழே பிளைவுட் அலமாரி இருந்தது. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று உறுதி சொல்லித்தான் விற்றார்கள். இரண்டாம் மழைக்காலத்திலேயே அடிப்பலகை உப்பிக் கதவு மூடாமல் போனது. பிறகு கரப்பான் குடியேறியது. அப்படி ஒரு பொருள் இனி வீட்டுக்குள் வரவே கூடாது.

மேடைக் கல்லில் வீட்டில் ஆளுக்கொரு விருப்பம். அவருக்கு வெள்ளை மார்பிள். அத்தைக்குக் கடப்பாக் கல். அவர்கள் பிறந்த வீட்டு அடுக்களையில் அதுதான் இன்றும் இருக்கிறது. எனக்குப் பளபளப்பான கறுப்புக் கிரானைட். எங்களுடையது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், குழாயெல்லாம் வெள்ளை பூத்துவிடும்.

இன்னொன்று: இரவில் அத்தையும் இதே குளியலறைக்குத்தான் வருகிறார்கள். மூட்டுவலியால் குனிந்து எதையும் எடுக்க முடியாது. துண்டு, எண்ணெய், சோப்புத்தூள், அவர்களின் மாத்திரைப் பெட்டி எல்லாவற்றையும் எங்கே வைப்பது?

கொழிஞ்சாம்பாறை_தச்சர்:

அம்மா, நான் மரவேலை செய்து பிழைப்பவன். ஆனாலும் பேசினுக்குக் கீழே மரம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பிளைவுட்டில் ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 303 என்றும் 710 என்றும் முத்திரை இருக்கும். 710 கப்பல் தரம். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாமல் பிடிக்க வேண்டும் என்பது விதி. 303 அந்த அளவுக்குத் தாங்காது. கடையில் வாயால் சொல்வதை விட்டுவிட்டுப் பலகையில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். 710 ஆனாலும் அறுத்த ஓரத்தையும் குழாய்க்குப் போட்ட துளையையும் அடைக்காமல் விட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும். மேலே ஒட்டிய மைக்கா அதைத் தடுக்காது.

உங்கள் ஊருக்கு நான் செய்வதானால், இரண்டு பக்கமும் கல்லையே காலாக நிறுத்தி, நடுவில் ஒரு கல் தட்டு கொடுத்து, முன்னால் கதவு மட்டும் போடுவேன். கதவுக்கு அலுமினியச் சட்டம் அல்லது பிவிசி ஃபோம் என்னும் பிளாஸ்டிக் பலகை. ஃபோம் பலகை உப்பாது, ஆனால் திருகாணியை மரம்போலப் பிடிக்காது. நீளமான தட்டாகப் போட்டால் தொய்யும். அதனால் அடர்த்தியான பலகையாக வாங்கி, சின்னச் சின்னக் கதவாகப் போடுங்கள். கீலும் திருகாணியும் 304 தர எவர்சில்வராக இருக்கட்டும். தட்டையும் கதவையும் தரையிலிருந்து ஓர் அடியாவது விட்டுத் தூக்கிப் போடுங்கள்; துடைப்பமும் காற்றும் உள்ளே போகும்.

குப்பம்_கல்வேலை:

கல்லைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் குப்பம் ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கல் குவாரிதான், ஆகையால் இதில் எனக்குப் பிடித்தம் அதிகம்.

மார்பிளும் சரி, கடப்பாவும் சரி, அடிப்படையில் சுண்ணாம்பு. இரண்டும் அமிலத்துக்கு ஆகாதவை. மார்பிள் துண்டு ஒன்றில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் கழித்துத் துடைத்தால் அந்த இடம் மட்டும் மங்கியிருக்கும். கழிப்பறை கழுவும் திரவத்தில் இருப்பது அதைவிடக் கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலம்; குளியலறையில் அது தெறிக்காமல் இருக்காது. உப்புக்கறையை எடுக்கவும் புளிப்பான ஏதாவதுதான் வேண்டும். உங்கள் தண்ணீருக்கு மார்பிள் வைத்தால் கறையையும் எடுக்க முடியாது, கல்லையும் காப்பாற்ற முடியாது. அத்தையின் பிறந்த வீட்டுக் கடப்பா அடுக்களையில் நிலைத்தது உண்மைதான். அங்கே இந்தத் திரவம் போயிருக்காது.

கிரானைட்டுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் பளபளக்கும் கறுப்பில் உப்புத் தண்ணீர் காய்ந்த ஒவ்வொரு சொட்டும் வெள்ளையாகத் தெரியும். சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸியும் அப்படித்தான், அழகில் குறையே சொல்ல முடியாத கல் அது. தினமும் துடைக்க ஆள் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் புள்ளி விழுந்த பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நல்லது. வெளிர் நிறக் கற்களில் சில எண்ணெயை உறிஞ்சும். கடையிலேயே கல்லின்மேல் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் நில்லுங்கள். துடைத்த பிறகும் நனைந்த தடம் கறுத்து நின்றால் உங்கள் தேங்காய் எண்ணெயையும் அது குடிக்கும். அதைத்தான் வாங்குவீர்கள் என்றால் சீலர் (உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) பூசாமல் பயன்படுத்த வேண்டாம். குவார்ட்ஸ் என்று விற்பது கல்தூளைப் பிசினில் சேர்த்துச் செய்தது. உறிஞ்சாது, ஆனால் அதிகச் சூட்டைத் தாங்காது.

கல் பதினெட்டு மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பேசின் துளைக்கு முன்னால் மிஞ்சும் பட்டை ஒடுங்கினால் வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒடியும். முன் விளிம்பின் அடியில் ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள், வழியும் தண்ணீர் கதவுக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். சுவரோரம் நான்கு அங்குலம் கல் நிறுத்தி, இணைப்பில் வெள்ளை சிமென்ட் வேண்டாம், பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் போடுங்கள்.

பாறசாலை_செவிலி:

தங்கச்சி, மாத்திரைப் பெட்டியை மட்டும் குளியலறையில் வைக்கவே வேண்டாம். ஈரத்திலும் வெந்நீர் ஆவியிலும் மருந்து கெடும். படுக்கையறை அலமாரியே அதற்கு இடம். துண்டுகளும் அங்கேயே இருக்கட்டும். அன்றைக்கு வேண்டியது மட்டும் உள்ளே வந்தால் போதும்.

எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்கு, குளிக்கும் பக்கத்துச் சுவரில், நின்றால் கைக்கு எட்டும் உயரத்தில், மாடம் வையுங்கள். ஒன்பது அங்குலச் சுவரில்தான் குடைய வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரைத் தொடக்கூடாது. மாடத்தின் அடிக்கல் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து அங்குல ஆழத்தில் ஓர் அலமாரி வந்தால் சீப்பு, பற்பசை எல்லாம் கண்ணுக்கு நேராக வந்துவிடும். கீழ்த்தட்டு சோப்புத்தூளுக்கும் பிரஷ்ஷுக்கும் ஆகும். அத்தைக்கு அங்கே வேலையே இல்லை.

மேடையின் மூலைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள். துண்டுக் கம்பியை அவர்கள் பிடித்து எழுந்தால் அது பெயர்ந்து வரும், தனியாகக் கைப்பிடி சுவரில் ஆழமாகப் பதித்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வரும் வயதானவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

செங்கோட்டை_மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. கல் காலும் அலுமினியக் கதவும் என்று முடிவாகிவிட்டது. மார்பிளை அவரும் விட்டுவிட்டார். அத்தைக்குக் கைப்பிடி வரப்போவதில் பெரிய சந்தோஷம். குப்பம் அண்ணா, பேசினை மேடைக்கு மேலே உட்கார வைப்பதா, அடியில் பொருத்துவதா?

குப்பம்_கல்வேலை:

அடியில் பொருத்துங்கள் தங்கச்சி. மேலே வைத்தால் பேசினைச் சுற்றி உப்பும் அழுக்கும் தங்கும். அடியில் என்றால் மேடைத் தண்ணீரை அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். துளையின் உள்விளிம்புக்கும் பாலிஷ் போடச் சொல்லுங்கள். மேடை உயரம் 80 முதல் 85 சென்டிமீட்டர். அத்தையை நிறுத்திப் பார்த்து அதற்குள் முடிவு செய்யுங்கள். பேசினை வாங்கிக் கல் அறுப்பவரிடம் கொடுத்த பிறகே துளையைக் குறிக்க விடுங்கள்.