இழை: கழுத்துச் சிகிச்சையும் ‘புரோப்ரியோசெப்ஷ’னும்: எந்தச் சொல்?

வணக்கம்.

பிசியோதெரபி பாட வரைவில் ‘புரோப்ரியோசெப்ஷன்’ (கண்ணால் பார்க்காமலே உடலுறுப்பு எங்கே, எப்படி இருக்கிறது என்று அறிவது) வரும் இடமெல்லாம் ‘உடல்நிலை உணர்வு’ என்று இருக்கிறது. இது ஆகாது. உடல்நிலை சரியில்லை என்றால் காய்ச்சலா என்றுதான் கேட்பார்கள். ‘தன்னுணர்வு’ உளவியலுக்குப் போய்விட்டது. ‘மூட்டுநிலை உணர்வு’ என்று வைக்கலாமா?

---

> மூட்டுநிலை உணர்வு

ஐயா, கழுத்தைப் பொறுத்தவரை இது பாதிதான் சரி. அங்கே மூட்டைவிடத் தசைதான் அதிகம் பேசுகிறது. பிடரிக்கு அடியில் உள்ள சிறு தசைகளில் தசைக்கதிர்கள் (தசை நீள்வதை உணரும் நுண்ணுறுப்புகள்) நெருக்கமாக உள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2001-இல் கருக்களில் எண்ணிப் பார்த்தபோது, அவற்றில் ஒன்றான கீழ்ச்சாய்வுத் தசையில் ஒரு கிராமுக்கு 242 கதிர்கள் கிடைத்தன. சொல்லில் ‘மூட்டு’ வந்தால் மாணவர் தசையை மறந்துவிடுவார்.

இன்னொரு சிக்கல். 2011-இல் ஹாவிக், மர்ஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் லேசான, விட்டுவிட்டு வரும் கழுத்துத் தொல்லை உள்ளவர்களின் கழுத்தைக் கையால் தள்ளிச் சரிசெய்துவிட்டு அளந்தது முழங்கையை. முழங்கை எங்கே இருக்கிறது என்று சொல்வதில் பிழை குறைந்தது. தொட்டது ஓரிடம், மாறியது வேறிடம். எனவே சொல் உடல் முழுவதற்கும் பொருந்த வேண்டும். என் பரிந்துரை: நிலைப்புலன்.

---

நிலைப்புலன் நன்றாக இருக்கிறது, ஆனால் குடைச்சொல்லாக அல்ல. நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் 1906-இல் வைத்த ‘புரோப்ரியோசெப்ஷன்’ என்ற பெயருக்குள் அசைவை அறிவதும் அடங்கும், விசையை அறிவதும் அடங்கும். தன் + புலன் = தற்புலன் என்று குடையை வைத்து, அதன்கீழ் நிலைப்புலன், அசைவுப்புலன், விசைப்புலன் என்று பிரித்தால் தற்புலன் ஏற்பி, தற்புலன் குறைவு எல்லாம் தட்டாமல் வரும்.

அளக்கும் முறைக்கும் இது ஒத்துப்போகிறது. நோயாளி சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி, முதுகு சாய்ந்து உட்கார்கிறார். தலைப்பட்டையில் லேசர், ஒளி விழும் இடத்தில் குறி. கண்ணைக் கட்டி, தலையை முழுதாகத் திருப்பி, மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறோம். ஒளி 7 செ.மீ. விலகினால் ஏறக்குறைய 4.5 பாகை, அதற்கு மேல் போனால் பிழை. இதற்கு ‘நிலைப்புலன் பிழை’ என்ற பெயர் கச்சிதம்.

வரைவில் ஒரு திருத்தமும் வேண்டும்: இடப்பக்க விலகலைக் கழித்தல் குறியோடு சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறார்கள். வலமும் இடமும் அடித்துக்கொண்டு போய், மோசமான கழுத்துகூடச் சுழியம் காட்டும். குறியை நீக்கிவிட்டே கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் கண்கட்டை அவிழ்த்தால் நோயாளி பார்த்துத் திருத்திக்கொள்வார். பட்டை நழுவினால் அன்றைய அளவே வீண்.

---

தற்புலனுக்கு என் வாக்கு. இனி ‘மேனுவல் தெரபி’, அதாவது சிகிச்சையாளர் தன் கையாலேயே மூட்டையும் தசையையும் அசைத்துச் செய்யும் சிகிச்சை. ‘கைமுறை’ என்றால் இயந்திரம் இல்லாமல் செய்வது என்று படும்; ‘கைச்சிகிச்சை’ கைக்கே செய்வதாகிவிடும். சித்த மருத்துவத் தொக்கணத்தை (உடலைப் பிடித்துவிடும் முறை) இழுக்க வேண்டாம், அது தனி முறை. ‘கைவழிச் சிகிச்சை’ போதும்.

---

> கைவழிச் சிகிச்சை

சரி. ஆனால் அதன் உட்பிரிவுகளைக் கலக்காதீர்கள். மூட்டை மெதுவாக, தாளத்தில் அசைப்பது ‘மூட்டு இளக்கல்’. மூட்டு அசையும் எல்லையில் வைத்து ஒரே வெட்டாகத் தள்ளுவது ‘விரைவுந்தல்’. பேச்சு வழக்கில் இதை ‘சொடக்கு எடுப்பது’ என்போம். கலைச்சொல்லாக அதை ஏற்க மாட்டேன். சலூன் நாற்காலியில் தலையைத் திருகுவதற்கும் அதே பெயர். அப்படித் திருகும்போது, கழுத்து வழியே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். புதிதாக வந்த கடும் கழுத்துவலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம் இருந்தால் கழுத்தைத் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற வரி, சொல்விளக்கத்திலேயே இருக்கட்டும்.

‘கைவழிச் சிகிச்சை தற்புலனைச் சீராக்கும்’ என்ற வரைவு வாக்கியத்தையும் மாற்றுங்கள். கழுத்து சார்ந்த தலைசுற்றலில் மூட்டு இளக்கலால் சுற்றல் குறைந்தும் தலையைத் திருப்பி வைக்கும் பிழை அப்படியே நின்றதாக 2014-இல் ரீட் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். ‘மாற்றக்கூடும்’ என்று போடுங்கள். லேசரைத் தலையில் கட்டிச் செய்யும் குறிபார்ப்புப் பயிற்சியையும் கூடவே சேருங்கள்.