வெண்கருவில் தண்ணீர் ஊற்றியதும் கலங்குகிறது: உதவி தேவை

கேள்வி (நாமக்கல்):
வணக்கம். மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் கற்பிக்கிறேன். கோளப் புரதம் (பந்துபோல் மடிந்த புரதம்) நீரில் கரையும், சூடாக்கினால் இயல்பிழக்கும், அதாவது அதன் மடிப்பு குலையும் என்று காட்டுவதற்காக, காலையில் பண்ணையிலிருந்து வாங்கி வந்த முட்டையின் வெண்கருவைப் பத்து மடங்கு வாலை வடிநீரில் கலந்தேன். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கரைசல் கலங்கி, வெள்ளை இழைகள் நூல்நூலாக மிதந்தன. "கரையும் என்றீர்களே, ஐயா" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். என்னிடம் விடை இல்லை. முட்டையில் குறையா, செய்முறையில் தவறா?

பதில் (ஈரோடு):
முட்டையில் குறை ஏதும் இல்லை, ஐயா. வெண்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவல்புமின் என்ற ஒரு புரதம். அது தூய நீரிலேயே கரையும். குளோபுலின்கள் என்ற மற்றொரு வகைப் புரதங்கள் கரையவோ சிறிது உப்பு வேண்டும். வெண்கருவில் இயல்பாக இருந்த உப்பு, நீங்கள் ஊற்றிய நீரால் நீர்த்துப்போயிற்று. நூல்போல் தெரிபவை ஓவோமியூசின் என்ற இன்னொரு வெண்கருப் புரதம்.

புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலியானது ஆல்ஃபா சுருள்களாகவும் பீட்டா மடிப்புத்தாள்களாகவும் அமைந்து நெருக்கமாக மடியும்போது, லியூசின், வேலின் போன்ற நீர்விலக்கும் பக்கத்தொகுதிகள் பெரும்பாலும் உள்ளே ஒடுங்க, லைசின், குளுட்டாமிக் அமிலம் போன்ற மின்சுமையுள்ளவை வெளியே நிற்கின்றன. உப்பயனிகள் குறைந்தால், ஒரு குளோபுலினின் நேர்மின் பகுதி அடுத்ததன் எதிர்மின் பகுதியை இழுத்துக்கொள்ள, அவை திரண்டு வீழ்படிவாகின்றன. லிட்டருக்கு 9 கிராம் உப்பிட்ட நீரில் கலந்து, பழைய வேட்டித்துணியில் வடிகட்டிப் பாருங்கள்.

கேள்வியாளர்:
நன்றி. கரைசல் ஏறத்தாழத் தெளிந்தது, சூடாக்கியதும் வெளுத்தது. ஆனால் ஆறிய பின்னும் தெளியவில்லை. அன்ஃபின்சன் என்ற அறிவியலாளரின் ஆய்வில், விரிக்கப்பட்ட ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதி மீண்டும் மடிந்ததே?

பதில் (ஈரோடு):
நல்ல கேள்வி. அவர் 124 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தை யூரியாவாலும், டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்புகளை அறுக்கும் ஒடுக்கியாலும் விரித்து, பிறகு அவற்றை நீக்கினார். நீர்த்த கரைசலில் ஒவ்வொரு சங்கிலியும் தனியாக மடிய இடமிருந்தது. ஓவல்புமினில் 385 அமினோ அமிலங்கள். சூட்டில் அதன் நீர்விலக்கும் உட்பகுதி வெளிப்பட்டு அண்டை மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே மறைந்திருந்த, கந்தகம் கொண்ட சிஸ்டீன் அமினோ அமிலங்களும் அவற்றோடு டைசல்ஃபைடு பிணைப்பை உண்டாக்குகின்றன. அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு எதுவும் அறுவதில்லை, ஆயினும் பழைய மடிப்புக்குத் திரும்ப வழியில்லை.

அடுத்த வகுப்பில் இரு முகவைகளை அருகருகே வையுங்கள்: உப்பின்றிக் கலங்கியது ஒன்று, கொதித்து வெளுத்தது மற்றொன்று. இரண்டிலும் உப்பிட்டால், முதலாவதில் இழைகள் நீங்கலாகக் கலங்கல் குறையும். இரண்டாவது அப்படியே இருக்கும்.