மறு: மறு: மின்காந்தப் புல ‘வெளிப்பாடு’க்கு வேறு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு மின்கருவிகள் பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கில ‘எக்ஸ்போஷர்’ (exposure) என்பதற்கான இந்த ஒரு சொல்தான் பாக்கி.

> ‘வெளிப்பாடு’ அகராதியில் ஏறிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறிவிட்டது ஐயா, பொருள்தான் புரண்டுபோகிறது. ‘மிக்சியின் காந்தப்புல வெளிப்பாடு’ என்று பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “மிக்சி என்னத்த வெளிய விடுது?” என்றார். கருவி வெளியிடுவது வேறு, நம் உடம்பில் வந்து படுவது வேறு. மோட்டாரை ஒட்டி வலுவாக இருக்கும் புலம், கை நீட்டும் தூரத்துக்குள் மளமளவென்று குறைந்துவிடும். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையமான ஐசிஎன்ஐஆர்பி 2010இல் பொதுமக்களுக்கு வைத்த 200 மைக்ரோடெஸ்லா வரம்பு (வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு), ஆள் இருக்கும் இடத்துக்கான அளவு.

> ‘பாதிப்பு’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், கூடவே தீர்ப்பும் சொல்லிவிடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இந்தக் காந்தப்புலத்தை 2பி பிரிவில், ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற அளவில்தான் வைத்தது. சொல் அதை முந்தக் கூடாது.

> கெடு கேடு, சுடு சூடு. அப்படியே படு பாடு. ஆகவே ‘புலப்பாடு’.

இலக்கணம் சரி. ஆனால் புலப்படுவது கண்ணுக்குத் தெரிவதல்லவா? இந்தப் புலம் தெரியவே தெரியாதே! குறள் 172இன் ‘படுபயன்’ வழியில் வினைத்தொகையாகப் ‘படுபுலம்’ என்றார் யாழ்ப்பாணத்து அக்கா. எனக்குப் ‘படுஞாயிறு’ நினைவுக்கு வந்து, சாய்கிற புலமாகிவிடுகிறது. ‘படுகை’யைக் காவிரி எடுத்துக்கொண்டது.

“பிள்ளை மேல வெயில் படாம பாத்துக்கோ” என்கிறோம். வெயிலும் மின்காந்த அலைதான். ‘படுதல்’, ‘படும் அளவு’ போதாதா? வேலையிடத்தில் படுவதைச் சொல்லும் ‘தொழில்வழிப் படுதல்’ நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். இதுவரை ஐந்து பேர் ‘படுதல்’ பக்கம். நாளை இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் அப்படியே அனுப்பிவிடுகிறேன்.

மறு: மறு: மறு:

மறுக்கிறேன். வெயில் தோலோடு நின்றுவிடும், அதற்குப் ‘படுதல்’ பொருந்தும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் உடம்பை ஊடுருவிப் போகிறது. உள்ளே போவதற்கு ‘உட்படுதல்’ என்று நல்ல சொல் இருக்கிறதே, தம்பி. ஐந்து பேர் சேர்ந்து அந்த ‘உள்’ளை ஏன் வெட்டுகிறீர்கள்?