சென் குலத்துத் தாய்ச்சி பிழைத்த வழி நம் அடிமுறைக்கும் பொருந்துமா?

கேள்வி (தக்கலை)
தக்கலை அருகே முதிய ஆசான் ஒருவரிடம், தென்தமிழகத்தின் தற்காப்புக் கலையான அடிமுறை பயின்று வருகிறேன். சுவடுகளை, அதாவது காலடி வைப்பு வரிசைகளை, காணொளியாகப் பதிவுசெய்ய இசைந்த அவர், உடலின் உயிர்நிலைகளைத் தாக்கும் வர்ம அடிகளைக் கேமராவின் முன் காட்ட மறுத்துவிட்டார். சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ கிராமத்தில், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங் காலந்தொட்டு ஒரு குலத்தினர் காத்துவந்ததாகச் சொல்லப்படும் தாய்ச்சி என்னும் தற்காப்புக் கலை, 2020-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு குடும்பத்தின் கலை இத்தனை காலம் நிலைத்தது பதிவுகளாலா, ஆட்களாலா?

மறுமொழி (நாகர்கோவில்)
ஆட்களால்தான் என்பேன். 19-ஆம் நூற்றாண்டில் சென் சாங்சிங், தம் குலத்தைச் சேராத யாங் லூசானுக்குக் கற்பித்தார். யாங் பெய்ஜிங்கில் கற்பித்ததால்தான் தாய்ச்சி ஊரெல்லை தாண்டிப் பரவியது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்ஜியாகோவிலேயே கற்பிக்கத் தக்கவர் அரிதாகிவிட்டனர். வெளியூர்களில் கற்பித்துவந்த சென் சாவோபி 1958-இல் ஊர் திரும்பி இளைஞர்களைச் சேர்த்தார். கலாசாரப் புரட்சியின்போது துன்புறுத்தப்பட்டும் அவர் கற்பிப்பதை விடவில்லை. 1972-இல் அவர் மறைந்தபின், பெய்ஜிங்கிலிருந்து சென் சாவோகுய் வந்து அந்த மாணவர்களை மேலும் பயிற்றுவித்தார். அவர்களுள் சென் சியாவோவாங், சென் செங்லெய், வாங் சியான், சூ தியான்சாய் ஆகிய நால்வர் பின்னர் உலக நாடுகளில் கற்பித்தனர். ஒரு முதியவர் ஊர் திரும்பாதிருந்தால் அந்தக் கிராமத்தின் மரபு எத்தனை மெலிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

மறுமொழி (மார்த்தாண்டம்)
பரவுவதும் நிலைப்பதும் ஒன்றல்ல. 1956-இல் சீன விளையாட்டுத் துறை, யாங் லூசான் வழிவந்த யாங் பாணியைச் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட வரிசையை வகுத்தது. அது பூங்காக்களில் எண்ணற்றோருக்கு உடல்நலம் தந்தது. ஆனால் அதை மட்டும் பயின்றவருக்கு, எதிராளியின் கைமீது தம் கையை ஒட்டவைத்து அவர் விசையை உணரும் இருவர் பயிற்சி எட்டுவதில்லை. நம் அடிமுறையும் திருவிழா மேடையில் காட்டும் வீச்சாகச் சுருங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

மறுமொழி (குலசேகரம்)
தம்பி, ஹாங்காங்கில் 2012 முதல் குங்ஃபூ ஆசான்மாரின் அசைவுகளை, உடலில் குறிகள் பொருத்தி முப்பரிமாணத்தில் பதிவுசெய்து வருகின்றனர். மூட்டு எந்தக் கோணத்தில் திரும்பியது என்பது அதில் துல்லியமாகக் கிடைக்கும். அடி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது கிடைக்காது. ஆகவே உங்கள் ஆசானின் மறுப்பை நான் மதிக்கிறேன். வர்ம அடியின் பாதிப்பை நீக்கும் இளக்குமுறை அறியாதவர் கையில் வர்ம அடி சென்றால் தீங்கு நேரும். சுவடுகளையும், அவற்றின் பெயர்களையும், அவர் சொல்லும் விளக்கங்களையும் இப்போதே பதிவுசெய்யுங்கள். வர்மத்தை, அவர் நம்பும் இருவருக்கேனும், தம் குடும்பத்தினர் அல்லாதவராயினும், கைதொட்டுக் கற்பிக்கும்படி வேண்டுங்கள்.

கேட்டவர்
நன்றி, ஐயா. ஆசானின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால், குடும்பத்துக்கு வெளியே கற்பிப்பது குறித்தே முதலில் அவரிடம் பேசுகிறேன்.