அப்பாவின் மலச்சிக்கல்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

அப்பாவுக்கு 74 வயது. நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறார். அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. முக்கி முக்கி மூலமும் வந்துவிட்டது. இரத்த சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் இவ்வளவு மோசம்.

டாக்டர் இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி எழுதிக் கொடுத்தார். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும் என்றால் கேட்பதில்லை.

போன வாரம் திடீரென்று தண்ணீராகப் போனது. அப்பாடா என்றிருந்தோம். ஆனால் அது உள்ளே அடைத்திருந்த இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிந்ததாம். எனிமா கொடுத்துத்தான் எடுத்தார்கள்.

பக்கத்து வீட்டு அத்தை தினமும் நிலாவாரைப் பொடி (பேதிக்குக் கொடுக்கும் மூலிகை) கொடுக்கச் சொல்கிறார். டாக்டரைக் கேட்காமல் கொடுக்க எனக்குப் பயம். வயதானவர்களைத் தண்ணீர் குடிக்க வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? இரும்பு மாத்திரையை மாற்றித் தரச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? அப்புறம், பல் இல்லாதவருக்குக் கீரை, கொய்யாவை எப்படிக் கொடுப்பது?