செப்சிஸில் ரத்தம் உறைவதை மருந்து கொடுத்துத் தடுக்கலாமா?

கயல்: பாக்டீரியா ரத்தத்தில் கலந்து செப்சிஸ் (தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை) ஆகும்போது, கிருமி ஒழிந்த பிறகும் சிறுநீரகமும் நுரையீரலும் கைவிடுகின்றன. நுண்குழாய்களை அடைக்கும் ரத்தக்கட்டிகள் அதற்கு முக்கியக் காரணம். அப்படியென்றால் தொற்று தெரிந்தவுடனே எல்லோருக்கும் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினை முழு அளவில் கொடுக்க வேண்டியதுதானே? எதற்குத் தயக்கம்?

நுண்ணோக்கி: அந்த உறைவு எதிர்ப்பாற்றல் தெரிந்தே செய்கிற வேலை என்பதால்தான் தயக்கம். கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. மோனோசைட் என்ற வெள்ளையணுவின் மேலுள்ள டிஎல்ஆர்4 ஏற்பி அதைக் கண்டுகொள்ளும். (இதை 1998இல் காட்டிய ப்ரூஸ் பாய்ட்லருக்கு 2011இல் நோபல் கிடைத்தது.) உடனே மோனோசைட் திசுக்காரணி என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் கொண்டுவருகிறது. அது ஏழாம் உறைவுக் காரணியோடு சேர்ந்ததும் உறைவை நடத்தும் த்ராம்பின் என்ற நொதி பிறக்கிறது, கட்டியைப் பின்னும் ஃபைப்ரின் இழைகள் படிகின்றன. நியூட்ரோபில் என்ற வேறு வெள்ளையணுக்களோ தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசுகின்றன. கிருமி பரவ வழியில்லாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. 2013இல் எங்கல்மன், மாஸ்பெர்க் இருவரும் இதை இம்யூனோத்ராம்போசிஸ் (எதிர்ப்பாற்றலுக்காக நடக்கும் உறைவு) என்று விளக்கி எழுதினார்கள்.

குதிரைலாட நண்டைப் பாருங்கள். அதற்கு ஆன்டிபாடியே கிடையாது. துளி எண்டோடாக்சின் பட்டாலே அதன் ரத்தம் உறைந்துவிடும், அதுதான் அதன் காவல். ஊசிமருந்துகளில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று சோதிக்க அந்த ரத்தம் பயன்படுவதும் இதனால்தான்.

கயல்: காவல் என்பதை ஒரேயடியாக நம்பிவிட முடியாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, ரத்தத்தை உறையவைக்கும் கோஆகுலேஸைச் சுரந்து, நம் ஃபைப்ரினையே தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. வெள்ளையணு அதை நெருங்கவே முடிவதில்லை. அங்கே உறைவு யாருக்குக் காவல்?

நுண்ணோக்கி: சரி, ஸ்ட்ரெப்டோகாக்கஸை என்ன சொல்வீர்கள்? அது ஸ்ட்ரெப்டோகைனேஸ் சுரந்து உறைவைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. தடையாக இல்லாத ஒன்றைக் கரைக்க ஒரு கிருமி ஏன் மெனக்கெட வேண்டும்?

இரவுப்பணி: ஐசியூவில் வேலை பார்க்கிறேன். மெனிஞ்சோகாக்கஸ் பாக்டீரியா ரத்தத்தில் ஏறிய நோயாளிக்கு விரல் நுனி கறுக்கும், தோலில் ஊதாத் திட்டுகள் மணிக்கு மணி பெருகும். அதே ஆளுக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், பஞ்சை எடுக்கவே முடியாது. தட்டணு இறங்கும், ஃபைப்ரின் உருவாகத் தேவையான ஃபைப்ரினோஜன் இறங்கும், கட்டி கரைவதைக் காட்டும் டி-டைமர் ஏறும். உறைவுக்கான சரக்கெல்லாம் நுண்குழாய்களிலேயே செலவாகிவிடுவதால் தேவையான இடத்தில் உறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதுதான் டிஐசி, அதாவது உடம்பெங்கும் பரவிய உறைவு. இந்த நிலையில் முழு அளவு ஹெப்பாரின் போட எனக்குக் கை வராது.

கயல்: அப்போது ஹெப்பாரின் வேண்டாம். செப்சிஸில் புரதம் சி, ஆன்டித்ராம்பின் போன்ற இயற்கைத் தடைகள் குறைந்துபோகின்றன. குறைந்ததைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன தவறு?

நுண்ணோக்கி: கொடுத்துப் பார்த்தாயிற்று. 2001இல் வந்த ப்ரோவெஸ் ஆய்வில், செயலூட்டிய புரதம் சி கொடுத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 24.7 சதவீதம், கொடுக்காதவர்களில் 30.8. சைக்ரிஸ் என்ற பெயரில் மருந்து விற்பனைக்கு வந்தது. ரத்த அழுத்தம் சரிந்து ஷாக்கில் இருந்தவர்களிடம் மறுபடி சோதித்தபோது பலன் தெரியவில்லை, 2011இல் மருந்தையே திரும்பப் பெற்றார்கள். 2001இல் வெளிவந்த ஆன்டித்ராம்பின் ஆய்விலும் இறப்பு குறையவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது.

கயல்: அந்த ஆய்வுகளில் டிஐசி உள்ளவர், இல்லாதவர் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். உறைவு இன்னும் கிருமியைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவருக்கும், அது உடம்பெங்கும் பரவிவிட்ட ஒருவருக்கும் ஒரே மருந்தா? ஜப்பானில் டிஐசி என்று உறுதியானவர்களுக்கு த்ராம்போமாடுலின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள்.

நுண்ணோக்கி: அந்த த்ராம்போமாடுலினையும் பல நாடுகளில் சோதித்து 2019இல் முடிவு வந்தது. உறைவுக் கோளாறு உள்ளவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தும் இறப்பில் உறுதியான வித்தியாசம் இல்லை.

இரவுப்பணி: அந்த ஆய்வில் சேர்த்தவர்களில் சிலருக்கு மருந்து போடுவதற்குள் உறைவுக் கோளாறு சரியாகியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கயல் கேட்கிற மாதிரி ஆளையும் நேரத்தையும் பார்த்துக் கொடுக்கும் சோதனை இன்னும் கறாராக நடக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடுதான். தொற்று தெரிந்தவுடனே எல்லோருக்கும் என்பதில் இல்லை. கால் சிரையில் ரத்தக்கட்டி வராமலிருக்கச் சிறு அளவு ஹெப்பாரின் இப்போதும் பெரும்பாலோருக்குக் கொடுக்கிறோம், அது வேறு கணக்கு. ஷாக் என்றால் எந்தக் கிருமி என்று அறிய ரத்த கல்ச்சர் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றுகிறோம். உறைவைத் தூண்டிவிடுகிற கிருமி உள்ளே இருக்கும்வரை டிஐசியை வேறு எந்த மருந்தாலும் அடக்க முடிவதில்லை.