மறு: புழுத்தொட்டிக் குழாயில் வருவதற்கு என்ன பெயர்?

வணக்கம் நண்பர்களே,

> வெர்மிவாஷ் என்பதற்கு "மண்புழுக் குளியல்நீர்" போதுமே. இழையை முடித்துவிடலாம்.

முடித்துவிடலாம் ஐயா, சமையலறைக் கழிவை மண்புழு விட்டு உரமாக்கும் தொட்டியின் குழாயில் வருவது எல்லாமே, செடிக்குத் தெளிக்கிற வெர்மிவாஷ் என்றால்.

பால்கனித் தொட்டியில் தர்ப்பூசணித் தோலையும் வெள்ளரித் துண்டையும் போட்டால் அவை தாமாகவே நீர் விடும். அந்த நீர் பாதி மக்கிய குப்பை வழியாக இறங்கி அடித்தட்டில் தேங்குகிறது. கறுப்பாக இருக்கும், காற்றில்லாமல் கிடந்தால் அழுகின முட்டை வாடை வரும். இப்படி வடிகிறது என்றாலே ஈரம் மிஞ்சிவிட்டது, தேங்காய் நார்க்கழிவோ கிழித்த செய்தித்தாளோ போட வேண்டும் என்று பொருள். பலர் இதைத்தான் பாட்டிலில் பிடித்து "வெர்மிவாஷ்" என்று கத்தரிச் செடிக்கு ஊற்றுகிறார்கள்.

சென்னை புதுக்கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் பரப்பிய வெர்மிவாஷ் வேறு. டிரம்மில் ஜல்லி, மணல், மண், அதன்மேல் சாணமும் வைக்கோலும். மேலே தொங்கும் பானையிலிருந்து இரவெல்லாம் தண்ணீர் சொட்டும். அது புழுக்களின் வளைகளையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு இறங்க, காலையில் குழாயைத் திறந்து பிடிப்பார்கள். நாற்றம் இருக்காது. தண்ணீர் கலந்து இலையில் தெளிக்கலாம்.

ஒன்று நாம் வேண்டிச் செய்வது, மற்றது கோளாறின் அறிகுறி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் செடிதான் பாவம். என் பரிந்துரை: வேண்டிச் செய்வது "புழுவடிநீர்", தானாக வருவது "தொட்டிக் கசிவு". வடிகஞ்சி என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த "வடி". குளியல்நீர் என்றால் புழுவைக் குளிப்பாட்டிய தண்ணீர் என்றுதான் தோன்றுகிறது.

"நாங்கூழ்நீர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நாங்கூழ் என்றால் மண்புழு. 1891-இல் வந்த மனோன்மணீயத்திலேயே நாங்கூழ்ப் புழு வருகிறது, அழகான சொல்தான். ஆனால் உரக்கடையில் கேட்டால் கம்பங்கூழ் கடைக்கு வழி காட்டுவார்கள்.

---

> வேண்டிச் செய்வது "புழுவடிநீர்"

தொட்டிக் கசிவு சரி, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "புழுவடிநீர்" மட்டும் இடிக்கிறது அம்மா. தோட்டக்காரருக்குப் புழு என்றால் காய்ப்புழு, தண்டுப்புழு. "புழுவடிநீர் தெளியுங்கள்" என்று எழுதினால் புழுவைக் கொல்லும் மருந்து என்றே படிப்பார்கள். இரண்டெழுத்து கூடினாலும் "மண்புழு வடிநீர்" என்றே வைப்போம். மண்புழு உரம் என்று ஏற்கெனவே எல்லோரும் சொல்வதால் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும்.

மறுப்பு இல்லையென்றால் விக்சனரியில் இரண்டையும் தனித்தனிப் பக்கமாக ஏற்றுகிறேன். கசிவுக்கான விளக்கத்தில் "செடிக்கு அப்படியே ஊற்றக் கூடாது" என்றும் சேர்க்கிறேன். அகராதிக்கு அது அதிகப்படிதான், இருந்துவிட்டுப் போகட்டும்.